ஏழாவது இடைவெளி

மாட்டுங்காவில் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் இலை போடுவதற்குள் நாலு பேராவது என்னிடம் கேட்டுவிடுவார்கள். "உங்க புல்லட் ட்ரெயின் எப்போ ஓடப்போறது?" அது என்னுடைய ரயில் இல்லை. எப்போது ஓடும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் விளக்கிச் சொல்லத் தெம்பு கிடையாது. பாலங்கள் எவ்வளவு நகர்கின்றன என்று சரிபார்ப்பதுதான் என் வேலை, கடைசி மூன்று வருடமாக அந்த அதிவேக ரயில் பாதையின் பாலங்கள், அவ்வளவுதான் என்பேன். பக்கத்து இலை மாமா உடனே சிரிப்பார். "பாலம் எங்கேயாவது நகருமா?" நகரும் மாமா, ரசம் வரது பாருங்கோ என்று பேச்சை மாற்றிவிடுவேன். முப்பத்தொரு வருடமாக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டது.

நகரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நகரும். விடியலில் குளிர்ந்து சுருங்கியிருக்கும் கான்கிரீட் மத்தியான வெயிலில் நீளும். இரண்டு தூண்களுக்கு நடுவே படுத்திருக்கும் பெரிய கான்கிரீட் பெட்டியைக் கர்டர் என்போம். நாற்பது மீட்டர் கர்டர் ஒன்று ஒரே நாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் போய்த் திரும்பும். அதற்காகத்தான் அதன் ஒரு முனையைத் தூணோடு பிடித்து வைத்து, மறுமுனையை பேரிங் என்கிற வழுக்கும் தாங்கியின் மேல் விட்டுவிடுகிறார்கள். கர்டருக்கும் கர்டருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. வெயில் ஏற ஏற அந்த இடைவெளி குறையும், இரவில் மறுபடி கூடும். சிக்கல் என்னவென்றால், கீழே பாலம் பல துண்டு, மேலே வரப்போகிற தண்டவாளம் ஒரே துண்டு. பற்றவைத்துப் பற்றவைத்துக் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளியே இல்லாமல் போவது. பாலம் நகரும்போது தண்டவாளத்தையும் இழுக்கும், தண்டவாளம் வரமாட்டேன் என்று நிற்கும், தண்டவாளத்தைப் பாலத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு இடம் கொடுத்துத் தண்டவாளத்தைப் போடலாம். நகர வேண்டிய இடத்தில் பாலம் நகராமல் அடைத்துக்கொண்டு நின்றால்தான் வினை. என்றைக்காவது அது ஒரேயடியாகத் துள்ளும், துள்ளியதைத் தண்டவாளம் வாங்கிக்கொள்ளும். நம் லோக்கல் போகிற வேகத்துக்கு ஒரு குலுக்கலோடு போய்விடும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் அப்படிப் போகாது.

எனவே தண்டவாளக் குழுவிடம் ஒப்படைக்கும் முன் பாலத்தைச் சில மாதங்கள் அளந்து பார்ப்பது வழக்கம். விடியலில் ஒரு முறை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு முறை. அளப்பவர் ஒருவர். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். கையெழுத்து என்னுடையது. அளந்தவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

நான் டிப்ளமா படித்துவிட்டு வரைபடம் போடும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவள். பிறந்தது மாட்டுங்கா, இப்போது செம்பூரில் தனியாக இருக்கிறேன், ஆபீஸ் சான்பாடாவில். தினமும் ஹார்பர் லைனில் மான்கூர்ட் தாண்டி, வாஷி கழிமுகத்தின் மேல் போகிற பாலத்தைக் கடந்து போய், அதே வழியாகத் திரும்பி வருகிறேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக அரை இடுப்பை ஒட்டவைத்து உட்காரும் வயதைத் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் அப்படித்தான் உட்கார்கிறேன். இது நடந்த சமயம் ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் காலண்டரைக் கிழிக்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும், அதை மறைக்கவும் மாட்டேன்.

அண்ணாச்சிக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே தாராவிக்கு வந்தவர், ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். மாஹிமில் முதல் விரார் லோக்கலைப் பிடித்து, விராரில் இறங்கி, ஷேர் ஜீப்பில் சைட்டுக்குப் போவார். தூணை ஒட்டிக் கட்டிய இரும்புப் படிகளில் ஏறி, மேலே நடந்து, பன்னிரண்டு இடைவெளிகளையும் அளந்துகொண்டு இறங்குவார். பத்து மணிக்கு மேல் கிரேன் வேலை நடக்கும், மேலே ஆள் இருக்கக் கூடாது. மூன்று மணிக்கு மறுபடி விடுவார்கள். அதனால் தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இடைவெளியின் இரண்டு பக்கமும் எஃகுக் குமிழ் பதித்திருக்கும். அவற்றின் நடுவே கேஜ் என்கிற அளவுக் கருவியை வைத்தால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை தெரியும். இதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே அளக்கும் இடங்களும் இருக்கின்றன. எங்கள் பகுதியில் அண்ணாச்சி இருந்தார்.

முதல் வருடம் ஒரு நாள் சைட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கர்டரின் நீளம், எத்தனை டிகிரி சூடு ஏறியது, கான்கிரீட்டுக்கு என்று உள்ள ஒரு எண், மூன்றையும் பெருக்கினால் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று தோராயமாக வந்துவிடும். கேஜைத் தப்பாகப் படித்துவிட்டால் அங்கேயே தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னது. அவர் அதைத் தன் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். "இது தெரிஞ்சா மேல ஏறவே வேண்டாம் போலுக்கே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம். தண்டவாளக் குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. ஐந்து மாத ஷீட்டுகளையும் ஒன்றாக அடுக்கிக் கடைசி அறிக்கைக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். வாராவாரம் நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டவைதான். அண்ணாச்சியின் ஷீட்டுகள் என்றால் எனக்குப் பிரியம். அடித்தல் திருத்தல் இருக்காது, கேள்வி எழாது, மற்றவர்களின் ஷீட்டுக்கு ஆகிற நேரத்தில் கால்வாசிதான் ஆகும். அன்றும் அப்படியே புரட்டிப் போயிருப்பேன். ஒரு தேதிக்கு நேராக 'மழை' என்று அவர் குறித்திருந்தார். பருவத்துக்கு முன்னால் திடீரென்று கொட்டிய மழை அது, நானும் சான்பாடாவில் குடையில்லாமல் நனைந்தேன், அதனால்தான் கண் அங்கே நின்றது. இரண்டரை மணிக்கு மழை. மூன்று மணிக்கு வெப்பம் ஒன்பது டிகிரி இறங்கியிருக்கிறது. இடைவெளியும் அதற்குத் தகுந்தாற்போல விடியல் அளவுக்கே கூடியிருக்கிறது. பன்னிரண்டும்.

அது நடக்காது. கான்கிரீட் மந்தமானது. காலை வெயில் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரவே மத்தியானம் தாண்டிவிடும், அரை மணி மழைக்கெல்லாம் அது அசைந்து கொடுக்காது. உடனே இறங்குவது தெர்மாமீட்டர் மட்டும்தான். நான் கால்குலேட்டரை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டேன். கடைசிப் புள்ளிவரை பொருந்தியது. முதல் நாள், அதற்கு முதல் நாள், ஏப்ரல், மார்ச் என்று போட்டுக்கொண்டே போனேன். விடியல் அளவுகள் நிஜமான அளவுகளைப் போல முன்னே பின்னே இருந்தன. மத்தியான அளவுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. மார்ச் நடுவிலிருந்து ஒரு மத்தியானம்கூட அவர் மேலே ஏறவில்லை என்று ஷீட்டே சொன்னது. எத்தனை வாரமாக அது சொல்லிக்கொண்டிருந்ததோ, எனக்குத்தான் கேட்கவில்லை.

கோபம் வந்தது. முதலில் அவர் மேல். பிறகு, இனி இதை என்ன செய்வது என்ற கவலை வந்ததும், கோபம் போய்விட்டது. இதை அறிக்கையில் எழுதினால் அண்ணாச்சியின் வேலை போகும். எழுதாவிட்டால் யாரும் பார்க்காத பாலத்தின் மேல் தண்டவாளம் ஏறும், அடியில் என் கையெழுத்து இருக்கும். போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு சைட்டுக்கு வரேன். மூணு மணி ரீடிங்கை நானும் பார்க்கறேன்."

"வாங்கம்மா," என்றார்.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆறாவது தூணடியில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார், சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. அவரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"ஏறலம்மா. காலைல ஒரு தடவ ஏறுதேன், வெயில் கெடையாது, மெள்ள மெள்ள ஏறிருவேன். மத்தியானம் ஏலல. பாதிப் படியில நெஞ்சப் பிடிக்கி. சயான் ஆஸ்பத்திரியில வால்வுல கோளாறுன்னு சொல்லுதாவ. மேல உள்ள சூட்டக் கீழ இருந்தே பாத்து கணக்குப் போட்டு எழுதிட்டேன்."

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிகளைப் பார்த்தார். "இப்பம் ஏறுவமா, மணி மூணாகப் போவுது," என்றார்.

நீங்கள் வர வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சல்வாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் முன்னால் ஏறினேன். கைப்பிடி சுட்டது. என் முழங்கால்களும் ஒன்றும் வாழவில்லை, இருபது படிக்கு ஒரு தரம் நின்றேன். பாதியில் திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, நீங்க போங்க என்பதுபோலக் கையை ஆட்டினார்.

மேலே நிழல் என்று பேர்சொல்ல ஒன்றுமில்லை. முதல் இடைவெளியில் கேஜை வைத்தேன். காலையில் அவர் எழுதியதைவிட மூன்றரை மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நகர்ந்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் அப்படியே, கொஞ்சம் முன்னே பின்னே. பரவாயில்லை, பாலம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, இந்த மனுஷர் எழுதியதும் கிட்டத்தட்ட சரிதான் என்று ஒரு ஆறுதல் வந்தது. ஏதாவது செய்து இதை மூடிவிடலாமோ என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்போடுதான் ஏழாவது இடைவெளிக்குப் போனேன்.

ஏழாவது நகரவில்லை. காலையில் எவ்வளவோ அவ்வளவேதான் இருந்தது. கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். குமிழைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன், கீழே நாற்பது படி தள்ளித்தான் இருந்தார், ஆனால் கத்த எனக்குத் தெம்பில்லை.

"ஏழாவது அசையலை அண்ணாச்சி."

"திருப்பிப் பாருங்கம்மா."

"மூணு தரம் பார்த்துட்டேன்."

"நா நேத்து எவ்வளவு எழுதிருக்கேன்?"

"மூணு புள்ளி ஒம்போது."

போனில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

பேரிங் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு, டார்ச்சோடு தூணின் தலைக்கு அனுப்பினோம். பேரிங் லாரியில் வரும்போது ஆடாமல் இருக்க ஒரு இரும்புப் பட்டையை போல்ட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். கர்டரை இறக்கி வைத்த பிறகு அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியாகிவிட்டது என்று பட்டியலில் டிக் போட்டிருந்தது. பட்டை அங்கேயே இருந்தது, மஞ்சள் பெயின்ட்கூடப் போகவில்லை. அந்த ஒரு பேரிங்கை மார்ச் கடைசியில்தான் மாற்றி வைத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அந்தக் கர்டர் வெயிலில் நீள முடியாமல் இரண்டு தூண்களையும் தள்ளிக்கொண்டு கிடந்திருக்கிறது. என்றைக்கு போல்ட்டு அறுந்து ஒரேயடியாக நகர்ந்திருக்குமோ. நகர்ந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் அண்ணாச்சியும் நானும் இருந்தோம். அவர் நகர வேண்டியதை நகர்ந்ததாக எழுதினார். நான் சரி என்று போட்டேன்.

ஜீப்பில் விராருக்குத் திரும்பினோம். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் கேட்டார்.

"என் வேல போயிரும்லா?"

"போயிடும் அண்ணாச்சி. நீங்க அளந்த வேற ரெண்டு பகுதியும் ஒப்படைக்கக் காத்துண்டிருக்கு. அதையும் சொல்லியாகணும். எத்தனை மாச ரீடிங்கைத் தூக்கிப் போடணும்னே தெரியலை."

"எழுதுங்க," என்றார். "பட்டை அங்கன கெடக்கத நா எழுத்தால மூடிட்டனே. எழுதுங்க."

மறுநாள் காலை செம்பூர் ஸ்டேஷனில் என் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது பிளாட்ஃபார்மில் அவர் வந்து நின்றார். அவருக்கு அங்கே வேலையே கிடையாது. கையில் அந்த நோட்டு.

"சைட்டுல குடுத்தது நகல். இதுதான் அசல். நெசமா ஏறி எடுத்ததுக்கு ஒரு புள்ளி வச்சிருக்கேன். கணக்குப் போட்டதுக்குப் புள்ளி கெடையாது. மூணு பகுதிக்கும் இருக்கு. இத வச்சா எல்லாத்தையும் தூக்கிப் போடாண்டாம், எது பொய்யோ அதெ மட்டும் அடிச்சிட்டு திருப்பி அளந்தாப் போதும்."

நோட்டை வாங்கிக்கொண்டேன். ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"மார்ச்சுப் பக்கத்துல மூணு வரி எழுதிருக்கேன்," என்றார். "வேண்டாம்னா அந்தத் தாளக் கிழிச்சிருங்கம்மா. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

பெஞ்சில் நான்காவது இடம் கிடைத்தது. மான்கூர்ட் வந்ததும் நோட்டைத் திறந்தேன். மூன்று வருடப் பழக்கத்தில் எண்களுக்கு நடுவே அவர் முழு வாக்கியம் எழுதி நான் பார்த்ததில்லை. தெளிவான, உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து. மார்ச் நடுவில், மத்தியான அளவுகளுக்குப் புள்ளி நின்றுபோகும் இடத்தில், அந்த வரிகள் இருந்தன.

'மத்தியானம் மேலே ஏற முடியவில்லை என்று மேடத்துக்கு போன் செய்தேன். எப்படியாவது இரண்டு ரீடிங் வந்தாக வேண்டும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். இன்று முதல் மத்தியானம் கணக்கு.'

முதலில் பொய் என்றுதான் நினைத்தேன். ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியது. சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தோடு எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம், இதே பாலம், எதிர்த்திசை. நிற்க இடமில்லாத கூட்டம், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். அண்ணாச்சி என்னவோ சொல்கிறார், ஏறுவது, நெஞ்சு, மத்தியானம் என்று துண்டு துண்டாகக் காதில் விழுகிறது. எனக்கு அன்று ஆபீசில் நாள் முழுக்க மீட்டிங், வீட்டில் தண்ணி வராத நாள். என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பேச்சு நீளும், நீண்டால் நான் எதையாவது செய்தாக வேண்டும். "எப்படியாவது பார்த்துக்கோங்கோ அண்ணாச்சி, எனக்கு ரெண்டு ரீடிங் வந்தாகணும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். மான்கூர்ட் தாண்டும்போது அதை மறந்தும் விட்டேன். நேற்று படியடியில், ஏன் எங்கிட்ட சொல்லலை என்று நான் கேட்டபோது அவர் ஏன் என் முகத்தைப் பார்த்தார் என்று இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது. பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த அரை இடுப்பையும் எழுப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றேன்.

தாளைக் கிழிக்கவில்லை. அதை என் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும்.

எங்கள் டீம் லீட் முப்பத்தைந்து வயதுக்காரர், செம்பூர்த் தமிழ்ப் பிள்ளைதான், வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நல்ல மனிதர். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பட்டை அகப்பட்டதற்கு நன்றி சொன்னார். ஒப்படைப்பைத் தள்ளிவைக்க உடனே போன் செய்தார். அண்ணாச்சியைப் பற்றி, "பாவம்தான் மேடம், ஆனா வேற வழி இல்ல, ஹை ஸ்பீட் ட்ராக்," என்றார். அதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. பிறகு நோட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார், அறிக்கையோடு இணைக்க. மார்ச் பக்கம் வந்ததும் நிறுத்தினார். எண்களுக்கு நடுவே மூன்று வரி எழுத்து. விரலை அதன் மேல் வைத்தார்.

"இது என்ன மேடம், ஏதாவது முக்கியமா?"

வாயைத் திறந்தேன். அந்த மூன்று வரியையும் படித்துக் காட்ட அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அப்புறம் வரப்போகிற கடிதங்கள், விசாரணை, உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்துக் கேட்கப்போகிற கேள்விகள், பதினோரு மாதம். எல்லாவற்றையும் நினைத்தபோது பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக வந்தது. தண்டனை வாங்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தேன்.

"ரிமார்க்ஸ்," என்றேன்.

"ஓகே," என்று தாளைத் திருப்பினார்.

அந்தப் பக்கம் அறிக்கையின் இணைப்பில் இருக்கிறது. எத்தனையோ மேஜைகளைத் தாண்டிப் போயிருக்கிறது. அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, சரிபார்ப்பில் கவனக்குறைவு என்று. அண்ணாச்சியின் ஒப்பந்தத்தை அந்த வாரமே முடித்துவிட்டார்கள்.

அக்டோபர் வெயிலில் ஒரு நாள் அவரே போன் செய்தார். தாராவியில் ஒரு தையல் பட்டறையில் பீஸ் எண்ணிக் கட்டுகிறாராம். உட்கார்ந்து செய்யும் வேலை, படி ஏற வேண்டாம் என்றார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"பட்டையக் கழட்டியாச்சாம்மா?"

"ஜூன்லயே கழட்டியாச்சு அண்ணாச்சி."

"இப்பம் நவுருதா?"

"நகர்றது. இன்னிக்கு மூணு புள்ளி ஆறு."

உதட்டுக்குள் எதையோ பெருக்கிப் பார்ப்பது கேட்டது. "நம்ம கணக்குக்குக் கிட்டத்தான் வருது," என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"அந்த நோட்டு. தாளக் கிழிச்சியளா?"

"கிழிக்கலை. அப்படியேதான் குடுத்தேன்."

"கிழிக்கலியா?" அவர் குரல் இறங்கியது. "ஒங்களுக்கு ஒண்ணும் வரலேல்லா?"

"வரலை அண்ணாச்சி."

"அது போதும். கோவத்துல எழுதிப் போட்டேன், ஒங்க வேலைக்கு எதும் வந்துருமோன்னு அதே ரோசனையாக் கெடந்தேன். படிச்சும் விட்டுட்டாவல்லா. நல்ல மனுசங்கதான்."

ஆமாம் என்றேன். உடம்பைப் பார்த்துக்கோங்கோ என்றேன், சரிம்மா என்று வைத்தார். நிஜமாகவே நிம்மதியாகத்தான் பேசினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மேஜையில் அன்றைய ஷீட் கிடந்தது. இப்போது அளக்கிறவர் புதியவர், இரண்டு வேளையும் ஏறுகிறார், அடித்தலும் திருத்தலுமாக எழுதுகிறார். ஏழாவது இடைவெளிக்கு நேராக இருந்த எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ரிமார்க்ஸ் கட்டம் காலியாக இருந்தது.